கடலூர் மாநகராட்சியின் வரிச் சேவை: கட்டுவது சுலபம், கணக்குப் பார்ப்பதுதான் பாடு

ஏப்ரலில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை. கடலூரில் வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு இரண்டு முறை காசு கொடுக்கும் கடை ஒன்று உண்டு. மஞ்சக்குப்பத்துக்காரரும் முதுநகர்க்காரரும் வேறு கடை தேடிப் போக முடியாது. பேரமும் கிடையாது. பதிலுக்குக் கிடைப்பது தெருவிளக்கு, குடிநீர், குப்பை வண்டி, வடிகால். ஐந்நூறு ரூபாய் மிக்ஸிக்கு நட்சத்திரம் போடுகிற நாம், இந்தக் கடையின் ரசீதையும் கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பார்ப்பதில்லை. இந்த மதிப்பீடு அந்த இரண்டையும் பற்றியது.

முதலில் பணம் வாங்கும் பக்கம். இதற்குத் தாராளமாகவே மதிப்பெண் கொடுக்கலாம். தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் பொதுவான இணையதளம்தான் கடலூருக்கும். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி எல்லாம் ஒரே இடத்தில் கட்டலாம். வரிவிதிப்பு எண் கையில் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. சிக்கல் வருவது பழைய ரசீதில் உள்ள எண்ணை அப்படியே போடும்போது. கணினிமயமானபோது எண் வரிசை மாறியது. பழைய எண்ணுக்குப் புது எண் என்ன என்று தேடும் வசதியைப் பார்த்துவிட்டு, திரையில் வரும் பெயரையும் கதவு எண்ணையும் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். எதிர் வீட்டுக்காரர் வரியைக் கட்டிவிட்டால் அதைத் திரும்ப வாங்குவதற்குள் அடுத்த அரையாண்டு வந்துவிடும்.

இன்னொரு வழக்கமான கோளாறு: வங்கிக் கணக்கில் பணம் போய்விடும், ரசீது வராது. உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். வங்கிக்கும் உள்ளாட்சிக்கும் இடையே கணக்கு ஒத்துப்போக ஓரிரு வேலை நாள் பிடிக்கும். பரிவர்த்தனை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். யுபிஐயில் கட்டினால் யுடிஆர் எண்ணும் (அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் எண்) வேண்டும். வரி வசூல் மையத்தில் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

அரையாண்டின் முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள் அல்லது அக்டோபர் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. உச்சவரம்பு 5,000 ரூபாய். தவணை தாண்டினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. அரையாண்டு வரி 1,590 ரூபாய் என்றால், சீக்கிரம் கட்டுபவருக்கு 79 ரூபாய் 50 காசு மிச்சம், தாமதிப்பவருக்கு மாதம் 15 ரூபாய் 90 காசு தண்டம். தண்டம் இவ்வளவு லேசாக இருப்பதால்தான் பெரிய கட்டிடக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள் என்பது நம் அபிப்பிராயம். மாதம் 1 சதவீத வட்டிக்குக் கடலூரில் யார் கடன் கொடுப்பார்கள்?

வரித் தொகை எப்படி வந்தது என்பதை ரசீது சொல்வதில்லை. இது பெரிய குறை. மண்டலத்துக்கு ஏற்ற சதுர அடி மதிப்பு, கட்டிடப் பரப்பு, பயன்பாடு, கட்டிடத்தின் வகை, வயது ஆகியவற்றைப் பெருக்கிக் கழித்துத்தான் தொகை வருகிறது. கையில் வரும் காகிதத்தில் இருப்பதோ கடைசி விடை மட்டும். மளிகைக் கடைச் சீட்டில்கூட அரிசிக்கு எவ்வளவு, பருப்புக்கு எவ்வளவு என்று இருக்கும்.

பரப்பளவை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்றால், 2022 ஏப்ரலில் வந்த சீராய்வு பரப்பை வைத்துத்தான் நடந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம் உயர்வு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கு 100, தொழிற்கூடங்களுக்கும் சுயநிதிக் கல்வி நிறுவனங்களுக்கும் 75. இப்போது கணக்குப் போடுங்கள்: பழைய அரையாண்டு வரி 1,000 ரூபாய். பரப்பு 1,200 சதுர அடி என்று பதிவாகியிருந்தால் 1,500. 1,201 என்று பதிவாகியிருந்தால் 1,750. ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வித்தியாசம். பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்டியவர்களுக்கும், போர்டிகோவையும் மாடிப்படிக் கூடத்தையும் சேர்த்து அளக்கப்பட்டவர்களுக்கும் இந்த எல்லைக்கோட்டுப் பிரச்சினை உண்டு. கட்டிட அனுமதி வரைபடத்தில் உள்ள பரப்பையும் வரிவிதிப்புப் பதிவேட்டில் உள்ள பரப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபட்டால் மறு அளவீடு கேட்டு எழுத்தில் கொடுங்கள். ஆனால் ஒன்று: அளக்க வருபவர் மாடியில் அனுமதி இல்லாமல் போட்ட தகரக் கொட்டகையையும் பார்ப்பார்.

உயர்வு அதோடு நிற்கவில்லை. 2023இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளில், ஆண்டுதோறும் 6 சதவீதம் அல்லது மாநில உற்பத்தியின் ஐந்தாண்டு சராசரி வளர்ச்சி, இவற்றில் எது அதிகமோ அதை உயர்த்த வழி இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் வேர் கோட்டையில் இல்லை, டெல்லியில். சொத்து வரியை மாநில வளர்ச்சிக்கு ஒத்து உயர்த்தினால்தான் மானியம் என்று 15வது நிதிக்குழு நிபந்தனை போட்டது. வருஷா வருஷம் 6 சதவீதம் விடாமல் போட்டால் 1,500 ரூபாய் ஐந்தாம் ஆண்டு முடிவில் 2,007 ஆகும். பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பு. பதினைந்து, இருபது வருஷம் தொடாமல் வைத்திருந்து ஒரே நாளில் இரு மடங்காக்குவதைவிட இது மேல். தேர்தல் வந்தால் உயர்வை நிறுத்தி வைப்பது, முடிந்ததும் மொத்தமாகப் போடுவது என்ற பழைய பழக்கம்தான் வரி கட்டுபவரை அதிகம் நோகடித்தது.

ரசீதில் உள்ள பணம் முழுக்க மாநகராட்சிக்குப் போவதாக நினைக்க வேண்டாம். சொத்து வரி ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டிய பணம் அது. மாநகராட்சி வெறும் தபால்காரர். ஒரு உள்ளாட்சியின் நாடி பிடிக்க இதைவிட எளிய இடம் இல்லை. ஆண்டுக் கணக்கில் 'செலுத்த வேண்டியவை' என்ற பகுதியில் நூலக வரி பாக்கி வருஷத்துக்கு வருஷம் பெருகினால், அடுத்தவர் பணத்தில் சம்பளம் போடுகிறார்கள் என்று பொருள். குடிநீர் இணைப்புக்கு வாங்கிய டெபாசிட்டும், ஒப்பந்ததாரரிடம் பிடித்து வைத்த ஈட்டுத் தொகையும் இதே ரகம். வங்கி இருப்பு இந்த மூன்றின் கூட்டுத்தொகைக்குக் கீழே இருந்தால், பட்ஜெட் உரையில் உபரி என்று வாசித்தாலும் நம்பாதீர்கள்.

இனி பட்ஜெட் புத்தகம். 1866இல் நகராட்சியாகி, 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் இது, 45 வார்டு. 2011 கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் மக்கள்தொகை 1,73,636. பெயர்ப்பலகை மாறியதால் வரவு பெருகிவிடாது. வரவு மாற எல்லை விரிய வேண்டும், அல்லது வசூல் கூட வேண்டும்.

புத்தகத்தைத் திறந்தால் மூன்று நிதிகள்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. கடலூர் என்றில்லை, தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளுக்கெல்லாம் இதே படிவம்தான். மூன்றையும் கூட்டி ஒரே உபரி அல்லது ஒரே பற்றாக்குறை சொல்வதுதான் செய்தித்தாளில் வரும் தலைப்பு. அந்தத் தலைப்பை ஒதுக்கிவிடலாம். கல்வி நிதியில் பணம் தேங்கிக் கிடக்கும். அது பள்ளிக் கட்டிடங்களுக்கான பணம், மோட்டார் பம்புக்கு மின்கட்டணம் கட்ட உரிமை இல்லை. குடிநீர் நிதி மூச்சு வாங்கும். இரண்டையும் கூட்டிப் போட்டால் ஊர் ஆரோக்கியமாகத் தெரியும்.

குடிநீர் நிதி ஏன் மூச்சு வாங்குகிறது? இதை ஒரு வீட்டளவில் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 60 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, மோட்டாரும் பம்பும் சேர்ந்து 50 சதவீதத் திறனில் ஓடினால், மூன்றில் ஒரு பங்கு யூனிட் மின்சாரம் செலவாகும். ஒரு வீடு நாளைக்கு 500 லிட்டர் வாங்கினால் மாதம் 15,000 லிட்டர்; சுமார் 5 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 40 ரூபாய். குழாய்க் கசிவிலும் கணக்கில் வராத இணைப்பிலும் 30 சதவீதம் போனால், அதே 15,000 லிட்டர் வீடு வந்து சேர 21,400 லிட்டர் ஏற்ற வேண்டும். மின்சாரம் மட்டும் 56 ரூபாய். இதற்கு மேல் குளோரின், வால்வு, பம்ப் ஆபரேட்டர் சம்பளம், மோட்டார் காயில் கட்டும் செலவு, கடன் தவணை. மீட்டர் இல்லாமல் மாதாமாதம் ஒரே தொகை வாங்கும் முறையில், அதிகம் பிடிப்பவருக்கும் கொஞ்சம் பிடிப்பவருக்கும் ஒரே விலை. ஆகவே குடிநீர்க் கட்டணம் உயர்ந்தால் கோபப்படும் முன், குடிநீர் நிதியில் மின்கட்டணம் எவ்வளவு, வசூல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மின்கட்டணம் மட்டுமே வசூலை விழுங்கிவிட்டால், குழாய் மாற்றப் பணம் எங்கிருந்து வரும்?

தெருவிளக்கு நேர்மாறான கதை. 70 வாட் சோடியம் விளக்கை 20 வாட் எல்இடியாக மாற்றினால், இரவுக்கு 11 மணி நேரம் என்று ஆண்டுக்கு 4,000 மணி நேரத்தில் விளக்கு ஒன்றுக்கு 200 யூனிட் மிச்சம். மேற்சொன்ன விலையில் 1,600 ரூபாய். செலவு செய்த பணம் சில ஆண்டுகளில் திரும்பும் அபூர்வமான பணி இது. கெடுவது எங்கே என்றால், பராமரிப்பு ஒப்பந்தத்தில். விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட் போனால் எத்தனை மணி நேரத்தில் மாற்ற வேண்டும், தவறினால் விளக்குக்கு எவ்வளவு பிடித்தம் என்ற ஷரத்து இல்லாவிட்டால், மிச்சமான மின்சாரம் இருட்டாகத்தான் மிஞ்சும். கடல் ஓரத்துத் தேவனாம்பட்டினத்தில் உப்புக்காற்று வேறு. கம்பத்தின் அடிப்பெட்டி துருப்பிடிப்பது உள்ளூர் செலவு, எந்த மாநிலப் படிவத்திலும் அதற்குத் தனி இடம் கிடையாது.

பட்ஜெட்டில் மேலிருந்து கீழாக ஓடும் மூன்று எண் பத்திகள் இருக்கும்: வரும் ஆண்டு மதிப்பீடு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, முடிந்த ஆண்டின் உண்மைக் கணக்கு. எல்லோரும் முதல் பத்தியைப் படிக்கிறார்கள். வலது ஓரத்தில் இருந்தாலும் இடது ஓரத்தில் இருந்தாலும், உண்மைக் கணக்குப் பத்தியை முதலில் படிக்க வேண்டும். 'கடை வாடகை 3 கோடி' என்று மதிப்பிட்டு, அதே தலைப்பில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய உண்மை வரவு ஒன்றரைக் கோடி என்றால் (இவை விளக்கத்துக்கான எண்கள்), அந்த மதிப்பீட்டை நம்பிப் போட்ட செலவு பாதிக்கு மேல் நடக்காது.

அடுத்து, உள்ளாட்சி வட்டாரத்தில் 'டிசிபி' என்று சொல்லும் கேட்பு (கட்டச் சொல்லிக் கேட்ட தொகை), வசூல், நிலுவைப் பட்டியல். ஊரின் நிதி ஆரோக்கியத்தை ஒரே காகிதத்தில் பார்க்க வேண்டுமென்றால் இதுதான். இதிலும் ஒரு கண்கட்டு உண்டு. நடப்புக் கேட்பு 10 கோடி, பழைய நிலுவை 6 கோடி என்று வைத்துக்கொள்வோம். நடப்பில் 8 கோடி, நிலுவையில் 1 கோடி வசூல். '10 கோடியில் 9 கோடி வசூல், 90 சதவீதம்' என்று அறிவிக்கலாம். ஆனால் கேட்பு மொத்தம் 16 கோடி. உண்மையான வசூல் 56 சதவீதம். அடுத்த ஆண்டு நிலுவை 6இலிருந்து 7 கோடியாகியிருக்கும். நடப்பு, நிலுவை இரண்டுக்கும் தனித்தனி சதவீதம் சொல்லாத எந்த வசூல் அறிவிப்பையும் படிக்க வேண்டியதில்லை. நிலுவையிலும் நீதிமன்றத்தில் இருப்பது எவ்வளவு, அரசு அலுவலகக் கட்டிடங்கள் வைத்திருப்பது எவ்வளவு, இரண்டு தடவை பதிவான போலிக் கேட்பு எவ்வளவு என்று பிரித்தால்தான் வசூலாகக்கூடியது தெரியும். போலிக் கேட்பைத் தள்ளுபடி செய்ய ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். தணிக்கையில் கேள்வி வரும் என்ற பயம். அதனால் அது தாத்தா காலத்துப் பெட்டி மாதிரி வருஷா வருஷம் கைமாறி வரும்.

மானியப் பக்கம் வேகமாகப் பார்க்கலாம், ஒரே ஒரு நுணுக்கம் தவிர. 2021 முதல் 2026 வரையான 15வது நிதிக்குழு மானியத்தில், பத்து லட்சத்துக்குக் கீழே மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு 60 சதவீதம் குறிப்பிட்ட வேலைக்கென்று கட்டுப்பட்ட பணம்: பாதி குடிநீர் சார்ந்த வேலைகளுக்கு, பாதி துப்புரவுக்கு. மீதி 40 சதவீதத்தையும் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ தொடக்கூடாது. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் கைகொடுப்பது சொந்த வரியும், மாநில நிதி ஆணையத்தின் வழியாக வரும் பங்கும்தான். எனவே ஒரு உள்ளாட்சியின் வங்கியில் பத்துக் கோடி கிடந்தும் தூய்மைப் பணி ஒப்பந்ததாரருக்கு மூன்று மாத பாக்கி இருப்பது சாத்தியம். இரண்டும் உண்மை, யாரும் பொய் சொல்லவில்லை.

தொழில் வரியில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 276வது பிரிவு ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. சம்பளம் பத்து மடங்கானாலும் பூட்டு அப்படியே.

கடலூருக்கென்று உள்ள கஷ்டங்கள் இரண்டு. ஒன்று, வரி விதிக்கும் தளம் மெலிந்தது. மாவட்டத் தலைநகரம் என்பதால் நல்ல இடங்களில் அலுவலகங்கள் நிறைய. மத்திய அரசுச் சொத்துக்கு 285வது பிரிவின்படி சொத்து வரி போட முடியாது. ரயில்வே நிலத்துக்கும் தபால் நிலையத்துக்கும் சேவைக் கட்டணம் கேட்கலாம், அவ்வளவுதான். வேலைவாய்ப்புத் தரும் சிப்காட் தொழிற்சாலைகள் இருப்பது குடிகாடு பக்கத்து ஊராட்சிகளில்; லாரி ஓடுவது ஊருக்குள், வரி போவது ஊராட்சிக்கு. இரண்டு, இயற்கை. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம். நிவாரணப் பணம் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து வரும். சாய்ந்த மரத்தை வெட்டுவது, மணல் மூடிய வடிகாலைத் தோண்டுவது, டீசல் பம்பு வாடகை, ஓவர்டைம் எல்லாம் முதலில் உள்ளாட்சிக் கைக்காசு. திரும்பி வருவது தாமதமாக, சில சமயம் குறைவாக. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், அக்டோபர் வசூல் மாதமும் அதுவே. எந்த ஆண்டிலும் அரையாண்டு வசூலைப் புயலோடு சேர்த்துப் படியுங்கள். இந்த ஊருக்கு மூன்று மாதச் செலவுக்கான ரொக்க இருப்பாவது கட்டுப்படாத பணமாக இருக்க வேண்டும் என்பது நம் கணிப்பு.

பக்கத்தில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரியோடு ஒப்பிட்டால் கடலூர்க்காரர் பெருமைப்பட ஒரு காரணம் உண்டு. அங்கே 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்த பிறகு மன்றமே இல்லை. பட்ஜெட்டை எதிர்த்துக் கைதூக்கக் கவுன்சிலர் கிடையாது, ஆணையர்தான் எல்லாம். யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய நிதிக்குழுவின் உள்ளாட்சி மானியமும் கிடைப்பதில்லை. கடலூரில் மன்றக் கூட்டத்தில் சத்தமாவது கேட்கிறது.

பெரிய பணிகளைப் பார்க்கும்போது மொத்த மதிப்பீட்டை விட்டுவிட்டு, உள்ளாட்சியின் பங்கு எவ்வளவு, பிற்பாடு பராமரிப்பு யார் தலையில் என்ற இரண்டை மட்டும் தேடுங்கள். இந்த ஊர்ப் பாதாளச் சாக்கடை எத்தனை காலம் இழுத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட பணி தாமதமானால் மதிப்பீடு உயர்வது மட்டும் அல்ல; இணைப்பு கொடுக்காததால் மாதக் கட்டணம் வராது, வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நேரம் தவறாமல் ஓடும். சிறு ஊர் தனியாகக் கடன் பத்திரம் வெளியிட முடியாது என்பதால்தான் 2002-03இல் தமிழ்நாட்டில் 13 சிறிய உள்ளாட்சிகளைச் சேர்த்து 30.41 கோடி ரூபாய்க்கு ஒரே பத்திரமாக வெளியிட்டார்கள். தவணை தவறினால் மாநிலப் பங்கிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம் என்ற பிணை இருந்ததால் முதலீட்டாளர் வந்தார். அந்தப் பிணை இன்றும் கவனிக்க வேண்டியது: மாநிலப் பங்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதை விட, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வந்தது என்பதே கணக்கு.

ஆவணம் எங்கே கிடைக்கும்? ஆண்டுக் கணக்குகளை மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் சிட்டி ஃபைனான்ஸ் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பதும் 15வது நிதிக்குழு நிபந்தனைகளில் ஒன்று. அங்கே இருப்புநிலைக் குறிப்பும் வரவு செலவுக் கணக்கும் இருக்கும். தேய்மானம் (குழாயும் கட்டிடமும் பழசாவதற்கு எழுதும் செலவு) சேர்த்த கணக்கு என்பதால் பற்றாக்குறை பெரிதாகத் தெரியும். தேய்மானத் தொகையை விட்டுவிட்டு ஒரு தடவை, சேர்த்து ஒரு தடவை பாருங்கள். விட்டால் உபரி, சேர்த்தால் பற்றாக்குறை என்று வந்தால், இந்த மாதச் சம்பளத்துக்குப் பயம் இல்லை, குழாய்களுக்குத்தான் பயம்.

டிசிபி பட்டியலும் உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கையும் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்ட மனுதான் வழி. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'நிதி நிலைமை எப்படி?' என்று கேட்டால் தகவல் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை ஆகியவற்றின் கேட்பு வசூல் நிலுவை, நடப்பும் நிலுவையும் தனித்தனியாக, மார்ச் 31 நிலவரப்படி, கடந்த மூன்று ஆண்டுக்கு' என்று எழுதுங்கள். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கட்டு பெரிதாக இருந்தால் நகலுக்குப் பதில் நேரில் பார்வையிடக் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கால்குலேட்டரும், ஒரு நோட்டும், கூடவே வாடகை பாக்கிப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் அந்த ஒரு மணி நேரம் போதும்.